முகப்பு மட்டும் நிலையமாகுமா?

ஜவ்வாது மலையின் மேற்குப் பக்கத்து மக்களுக்கு ரயில் என்றால் ஜோலார்பேட்டை. கிழக்குப் பக்கத்து மக்களுக்கு ரயில் என்றால் போளூர். இந்த இரண்டு நிலையங்களுக்கும் ஒரே நாளில் யோகம் அடித்தது. 2023 ஆகஸ்ட் 6ஆம் தேதி, நாடு முழுவதிலும் 508 ரயில் நிலையங்களைப் புதுப்பிப்பதற்குப் பிரதம மந்திரி டில்லியில் இருந்தபடியே அடிக்கல் நாட்டினார். திட்டத்துக்கு ‘அமிர்த பாரத்’ என்று பெயர். மதிப்பு 24,470 கோடி ரூபாய். அதில் தமிழ்நாட்டுக்கு 18 நிலையங்கள். அந்தப் பதினெட்டில் ஜோலார்பேட்டையும் உண்டு, போளூரும் உண்டு.

நல்ல காரியந்தான், குறை சொல்வதற்கென்றே நாம் கிளம்பவில்லை. வெயிலில் கைப்பிள்ளையோடு நிற்கும் தாய்க்கு நிழற்கூரை வேண்டும். படியேற முடியாத பெரியவருக்கு லிப்ட் வேண்டும். குடிக்கத் தண்ணீரும், ஒதுங்கக் கழிப்பிடமும், உட்கார பெஞ்சும் வேண்டும். டிக்கெட் வாங்குகிறவன் இவற்றைக் கேட்டுப் பெற உரிமை உள்ளவன். ஆனால் தோழர்களே, வளைவு கட்டி, விளக்கு மாட்டி, சுவருக்குச் சித்திரம் தீட்டிவிட்டால் நிலையம் மேம்பட்டுவிட்டது என்று முழங்குகிறார்களே, அங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். முகப்பு மட்டும் நிலையமாகுமா?

நிலையத்தின் உயிர் வாசலில் இல்லை. அது பிளாட்பாரத்தின் கோடிக்கு அப்பால், பயணிகளின் கண் படாத இடத்தில் இருக்கிறது. வண்டியை ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்குத் திருப்பும் பாயிண்டில் இருக்கிறது. போகலாம், நில் என்று சொல்லும் சிக்னலில் இருக்கிறது. அந்த இரண்டையும் பிணைக்கும் கம்பிகளில் இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், காய்ச்சிய இரும்பாய்க் கொதிக்கும் தண்டவாளத்தின் ஓரம், கடப்பாரையும் சுத்தியலும் பிடித்து நிற்கும் கேங்மேனுடைய கையில் இருக்கிறது. இவற்றுக்கு அடிக்கல் விழா இல்லை. படம் பிடிப்பார் இல்லை. ஆனால் இவற்றில் ஒன்று தவறினால், ஆயிரம் பேர் ஏறிய வண்டி ஒரே நொடியில் பிணக்குவியலாகும்.

மூன்று திசைக்கும் ஒரு சந்தி

தென்னாட்டின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. எட்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பாதை ஜோலார்பேட்டையைத் தாண்டி மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளையும் பிரிந்தது. கிழக்கே காட்பாடி வழியாகச் சென்னை. வடமேற்கே குப்பம் வழியாகப் பெங்களூர். தெற்கே திருப்பத்தூர் வழியாகச் சேலம், கோவை, கேரளம். மூன்று திசை வண்டியும் இந்தச் சந்தியைத் தொட்டே ஆக வேண்டும்.

இந்தப் பாதையில் யார் போகிறார்கள்? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுகிறவர்கள், ஷூ தைக்கும் பெண்கள், சென்னைக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் போய்த் திரும்பும் சில்லறை வியாபாரி, கட்டடக் கூலி, கல்லூரிப் பிள்ளை. புதூர்நாட்டிலிருந்தும் ஜமுனாமரத்தூரிலிருந்தும் சாமையும் புளியும் விளைந்தது போதாமல், கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் திருப்பூருக்கும் கூலி தேடிப் புறப்படும் மலைவாழ் மக்கள். முன்பதிவு இல்லாத பெட்டியின் கதவருகே மூட்டையை மடியில் வைத்துக் குந்தியிருக்கிறார்களே, அவர்கள்.

சென்னைக்கும் இந்த நிலையத்துக்கும் ஒரு கடன் உண்டு. 2019 கோடையில் தலைநகரத்தின் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்தோடு தெருவில் நின்றபோது, தண்ணீர் எங்கிருந்து போயிற்று? ஜோலார்பேட்டையிலிருந்துதான். ஜூலை 12ஆம் தேதி 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு முதல் வண்டி வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. தாகத்துக்கு நீர் அனுப்பிய நிலையம் இது.

இந்தப் பாதையிலேதான் 2022 நவம்பர் 11ஆம் தேதி சென்னை–மைசூர் ‘வந்தே பாரத்’ விடப்பட்டது. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை–கோவை ‘வந்தே பாரத்’ விடப்பட்டது. இரண்டும் ஜோலார்பேட்டையில் நிற்காமல் பாயும் வண்டிகளாகவே புறப்பட்டன. பாதையின் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 130 ஆக உயர்த்தப்பட்டது. வேகத்தை நாம் வெறுக்கவில்லை; விஞ்ஞானம் தரும் வேகம் மக்களின் சொத்து. அந்த வேகத்துக்கு ஈடாகத் தண்டவாளமும் சிக்னலும், அவற்றைக் காக்கும் ஆட்களும் உயர்ந்தார்களா என்பதே கேள்வி.

பச்சை விளக்கு பொய் சொன்ன மாலை

சிக்னல் என்பது வெறும் விளக்கல்ல. அந்தக் காலத்தில் கேபினில் ஒரு ஆள் நின்று லிவரை இழுப்பார். கம்பி ஓடும். பாயிண்ட் திரும்பும். கைகாட்டி இறங்கும். பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் கைகாட்டியை இறக்கவே முடியாதபடி லிவர்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தார்கள். இதற்கு இண்டர்லாக்கிங் என்று பெயர். மனிதன் தவறினாலும் இரும்பு தவறவிடாது என்பது அதன் தத்துவம். இன்று லிவருக்குப் பதில் மின்சாரமும் கம்ப்யூட்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு கம்பி வந்து சொன்னால்தான் அதற்குத் தெரியும். அந்தக் கம்பியை இடம் மாற்றி இணைத்தால்?

அதைத்தான் ஒடிசாவில் கண்டோம். 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பாலாசோர் மாவட்டத்துப் பாஹாநகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. ஆனால் பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பி நின்றது. லூப்பில் இரும்புத் தாது ஏற்றிய சரக்கு வண்டி. பச்சையை நம்பி வந்த வண்டி அதன்மீது மோதியது. 290க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேலை தேடித் தென்னாடு வந்த ஏழைத் தொழிலாளிகள் பலர் அந்த முன்பெட்டிகளில் இருந்தார்கள்.

ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்தார். என்ன கண்டார்? முன்னொரு காலத்தில் சிக்னல் அறையில் கம்பிகளை மாற்றியதிலே தவறு. விபத்தன்று, லெவல் கிராசிங்கின் தடுப்பை மாற்றிப் புதுப்பிக்கும் வேலை நடந்ததிலே தவறு. தோழர்களே, இதைக் கவனிக்க வேண்டும். புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே மக்கள் மாண்டார்கள். ஆகவே, மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிட முடியாது. எப்படிச் செய்கிறார்கள், யாரைக் கொண்டு செய்கிறார்கள், எவ்வளவு நேரம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

எச்சரிக்கை இல்லாமலா நடந்தது? 2022 மே 16ஆம் தேதி அதே கரக்பூர் டிவிஷனில், பாங்க்ராநயாபாஜ் நிலையத்தில் இதே போன்ற கம்பித் தவறு நேர்ந்தது. அப்போதே திருத்தியிருந்தால் பாஹாநகா நடந்திருக்காது என்று கமிஷனரின் அறிக்கையே சொல்கிறது. 2023 பிப்ரவரி 8ஆம் தேதி மைசூர் டிவிஷனில், ஹொசதுர்கா ரோடு நிலையத்தில், சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்கு ஒரு பாதைக்குச் சிக்னலும் வேறு பாதைக்குப் பாயிண்டும் அமைந்தன. டிரைவர் கண்ணால் பார்த்து வண்டியை நிறுத்தினார். உயிர்கள் தப்பின. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் உயர் அதிகாரி ஒருவர், அமைப்பிலேயே பெருங்குறை இருக்கிறது என்று எழுதி எச்சரித்தார். நான்கு மாதம் கழியவில்லை, பாஹாநகாவில் பிணங்களைப் பள்ளிக்கூடத்தில் அடுக்கினார்கள்.

பிறகு சிக்னல் பிரிவு ஊழியர்கள் மூவரை சி.பி.ஐ. கைது செய்தது. குற்றம் உண்டா, இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் எழுதிய எச்சரிக்கை எந்த மேஜையில் தூங்கியது? அந்த மேஜைக்கு உரியவரை யார் கேட்டார்கள்? தவறு எப்போதும் கீழே மட்டும்தான் நடக்குமா?

நம் பாதையிலேயே நடந்தது

ஒடிசா தூரம் என்று எண்ண வேண்டாம். 2011 செப்டம்பர் 13ஆம் தேதி இரவு, இதே சென்னை–ஜோலார்பேட்டைப் பாதையில், அரக்கோணத்தை அடுத்த சித்தேரிக்கு அருகே, சிக்னலுக்காக நின்றிருந்த காட்பாடி பாசஞ்சரின் பின்புறத்தில் வேலூர் போகும் மின்ரயில் மோதியது. பத்துக்குக் குறையாத உயிர்கள் போயின. சிவப்பைத் தாண்டி வந்துவிட்டது வண்டி. சிவப்பைத் தாண்டினால் வண்டி தானே நிற்கும் கருவி இருந்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

அதே மாதம் டாக்டர் அனில் ககோட்கர் தலைமையில் ஒரு பாதுகாப்புக் குழுவை சர்க்கார் அமைத்தது. குழு 2012 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. சுமார் 19,000 கிலோமீட்டர் பெரும்பாதைகள் முழுவதிலும் நவீன சிக்னல் முறையை ஐந்து ஆண்டுக்குள் அமையுங்கள், 20,000 கோடி ரூபாய் ஆகும் என்றது. ஐந்து ஆண்டு போயிற்று. பத்து ஆண்டும் போயிற்று. பாஹாநகா விபத்து நடந்த 2023 ஜூனில், ‘கவச்’ என்ற தானியங்கிக் காவல் கருவி பொருத்தப்பட்டிருந்தது எவ்வளவு தூரத்துக்குத் தெரியுமா? 1,465 கிலோமீட்டருக்கு. 19,000 எங்கே, 1,465 எங்கே?

2025 ஜூலை 8ஆம் தேதி காலையில் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளிக்கூட வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவச் செல்வங்கள் மாண்ட கொடுமையை யார் மறப்பார்கள்? அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைத்திருந்தால், கேட் மூடாதவரை வண்டிக்குச் சிக்னல் விழாது. பிணைக்காத கேட்டில் எல்லாம் ஒரு போன் பேச்சையும் ஒரு மனிதனின் விழிப்பையும் நம்பித் தொங்குகின்றன. நூற்றைம்பது ஆண்டுப் பழைய தத்துவத்தை ஒரு கேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கேட்கிறார்கள்?

இருபத்தெட்டு விநாடி

இனி, தண்டவாளத்தின்மேல் நிற்கிற மனிதனுக்கு வருவோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 33 விநாடி எடுக்கும். 130 கிலோமீட்டர் என்றால் 28 விநாடிகூட இல்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வண்டியைப் பார்க்கும் கேங்மேன், கடப்பாரையை எடுத்து, ஜாக்கியைத் தள்ளி, பக்கத்தில் குனிந்திருக்கும் தோழனைத் தட்டி எழுப்பி, பாதையை விட்டு விலக அவனுக்கு இருந்த நேரத்தில் ஐந்து விநாடி பறிபோயிற்று. வளைவு என்றால் ஒரு கிலோமீட்டர் பார்வையும் கிடையாது. இரட்டைப் பாதையில் ஒரு பக்கத்து வண்டியின் இரைச்சல், மறுபக்கத்து வண்டியின் இரைச்சலை விழுங்கிவிடும். பயணிக்கு மிச்சமாகும் ஐந்து நிமிடம் அவனுடைய ஐந்து விநாடியிலிருந்து எடுக்கப்படுகிறது.

இது வெறும் பயம் அல்ல. 2007–08 முதல் 2011 அக்டோபர் வரை ஏறக்குறைய 1,600 ரயில்வே ஊழியர்கள் வேலையில் மாண்டதாகவும் 8,700 பேர் காயமடைந்ததாகவும் ககோட்கர் குழுவே எழுதி வைத்தது. போர்க்களத்தில் இல்லை, ஜல்லிக்களத்தில். வண்டி நெருங்குவதை முன்கூட்டியே அறிவிக்கும் ‘ரக்‌ஷக்’ என்ற சிறு ரேடியோக் கருவி உண்டு. கேங்மேனுடைய உடம்பில் மாட்டினால் ஒலித்து எச்சரிக்கும். வாசல் வளைவின் விலையில் எத்தனை கேங்குக்கு அதை வாங்கலாம் என்று கணக்குப் போடத் தெரியாதவர்களா ஆட்சியில் இருக்கிறார்கள்?

ஆளையே வைக்காதவர்கள் கருவியை எங்கே வாங்கப் போகிறார்கள்! 2023 ஜூனில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டதற்கு ரயில்வே கொடுத்த பதில்: காலி இடம் 2,74,000க்கு மேல், அதில் பாதுகாப்புப் பிரிவில் மட்டும் 1,77,000க்கு மேல். பாதுகாப்பு என்று பெயர் வைத்த இடமே காலி. இருக்கிறவன் இல்லாதவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறான்.

மனிதக் கண்ணுக்கு என்ன மதிப்பு என்பதற்கு இரண்டு பாலங்களே சாட்சி. 1956 நவம்பர் 23ஆம் தேதி அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றிலே கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். 2021 டிசம்பரில், நம் பாதையிலே, முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே பொன்னையாற்றுப் பாலத்தில் சேதம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, வண்டிகள் நிறுத்தப்பட்டன. பயணிகள் பல நாள் அவதிப்பட்டார்கள். ஆனால் ஒரு உயிரும் போகவில்லை. முதல் பாலத்தில் பார்ப்பதற்கு முன்பே வண்டி வந்துவிட்டது. இரண்டாவது பாலத்தில் வண்டி விழுமுன் ஒருவர் பார்த்துவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான். பார்க்கிற ஆளைக் குறைத்துவிட்டு முகப்பிலே பளிங்கு பதித்து என்ன பயன்?

பணம் எங்கே போயிற்று?

பணம் இல்லை என்பார்கள். பாதுகாப்புக்கென்றே 2017–18இல் ஒரு நிதி துவக்கினார்கள். ஐந்து ஆண்டில் ஒரு லட்சம் கோடி என்றார்கள். ஆண்டுதோறும் ரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து 5,000 கோடி போட வேண்டும். நான்கு ஆண்டில் போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022 டிசம்பரில் பார்லிமெண்டில் வைத்த அறிக்கை கூறுகிறது. போட்ட பணத்திலும் கால் பிடித்துவிடும் மெஷின், பீங்கான் பாத்திரம், நாற்காலி மேஜை, தோட்டம் என்று செலவு எழுதியிருக்கிறார்கள். தண்டவாளம் புதுப்பிக்க 2018–19இல் 9,607 கோடி ஒதுக்கியவர்கள், அடுத்த ஆண்டில் 7,417 கோடியாகக் குறைத்தார்கள். கேங்மேன் கால் கடுக்க நடக்கிறான். மெஷின் யாருடைய காலைப் பிடித்துவிட்டது?

விபத்துகள் குறைந்துவிட்டன என்று சர்க்கார் பதில் சொல்கிறது. 2014–15இல் 135, 2024–25இல் 31 என்று கணக்குக் காட்டுகிறது. நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏன் குறைந்தது? அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்தார்கள். பழைய பெட்டிகளை மாற்றிப் புதுப் பெட்டிகள் கொண்டுவந்தார்கள். பல இடங்களில் தண்டவாளத்தைப் புதுப்பித்தார்கள். அதாவது, பாதுகாப்புக்குச் செலவிட்ட இடத்தில் உயிர் பிழைத்தது. இது நம் வாதத்துக்குத்தானே பலம்? செலவிட்டால் பிழைக்கும் என்று கண்ட பிறகும் மிச்சத்துக்குச் செலவிடாமல் இருப்பதை என்னவென்று சொல்வது?

நாம் கேட்பது

ஜோலார்பேட்டையில் தண்டவாளத்துக்கும் பாயிண்டுக்கும் சிக்னலுக்கும் எவ்வளவு, முகப்புக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கை நிலையத்திலேயே தமிழில் எழுதி ஒட்டட்டும். போளூரிலும் அப்படியே. மக்கள் பணம், மக்கள் படிக்கட்டும்.

சிக்னல் கம்பியைத் தொடும் வேலையை, வண்டியை நிறுத்தி, போதிய நேரம் கொடுத்துச் செய்யட்டும். சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியையும் விடக் கூடாது. “சீக்கிரம் முடி” என்று மேலிருந்து போன் செய்கிறவரும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடட்டும்.

காலி இடங்களை நிரப்பட்டும். நிரப்பும்போது மலையடிவாரத்துப் படித்த வாலிபர்களையும் ஜவ்வாது மலையின் பழங்குடிப் பிள்ளைகளையும் தேடிப் பயிற்சி கொடுக்கட்டும். கூலிக்கு அயலூர் போகும் கைகள் இங்கேயே பாதையைக் காக்கும் கைகளாகட்டும். ஒவ்வொரு கேங்குக்கும் எச்சரிக்கைக் கருவி வரட்டும். வரும்வரை வண்டி ஓடும் பாதையில் காவல் ஆள் இல்லாமல் வேலைக்கு இறக்கக் கூடாது.

சென்னை–ஜோலார்பேட்டைப் பாதைக்கும் அதன் இரு கிளைகளுக்கும் தானியங்கிக் காவல் கருவி எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுத்தில் சொல்லட்டும். ஒவ்வொரு கேட்டையும் சிக்னலோடு பிணைக்கட்டும். புதுப் பாதையும் புதுச் சிக்னலும் தரும் வசதியில், லூப் லைனில் காத்துக் கிடக்கும் பாசஞ்சருக்கும் பங்கு கிடைக்கட்டும்.

தோழர்களே, இவற்றைக் கிளைதோறும் பேசுங்கள். ரயில்வேத் தொழிலாளியும் தோல் தொழிலாளியும் மலைக் கூலியும் ஒரே பாதையில் பிழைக்கிறவர்கள்; ஒரே குரலில் கேட்க வேண்டியவர்கள். அடுத்த முறை மந்திரி புது முகப்பைத் திறக்க வரும்போது மாலையோடு ஒரு மனுவும் கொடுங்கள். பிளாட்பாரத்தின் கோடிவரை அவரை அழைத்துப் போங்கள். பாயிண்டைக் காட்டுங்கள். அங்கே சுத்தியலோடு நிற்கிற தொழிலாளியைக் காட்டுங்கள். “இவனுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். அதற்குச் சொல்லும் பதிலைக் கொண்டுதான் இந்த நிலையம் மேம்பட்டதா, இல்லையா என்று நாம் தீர்ப்பளிப்போம்.